துவாதசி இல்லாத ஏகாதசி

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் விடியற்காலையில் திருச்சி காந்தி மார்க்கெட்டில் அகத்திக்கீரைக் கட்டு நிற்காது. வந்த வேகத்தில் போய்விடும். முதல் நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் கடந்து வந்தவர்களின் வீட்டில் அன்றைக்கு இலையில் மூன்று பண்டங்கள் இருந்தாக வேண்டும்: அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். அதுவும் பொழுது ஏறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். துவாதசிப் பாரணை தவறினால் ஏகாதசி இருந்த பலனே போய்விடும் என்பார்கள் பெரியவர்கள். பட்டினிக்கு எவ்வளவு விதி உண்டோ, பட்டினியை முடிப்பதற்கும் அவ்வளவு விதி உண்டு.

பாலக்கரையில் குடியிருப்பதில் ஒரு வசதி, எல்லா விதமான நோன்பையும் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். ரமலான் மாதத்தில் எங்கள் தெருவில் பொழுது விடிவதற்கு வெகு நேரம் முன்பே அடுப்பு எரியும். சஹர் சாப்பாட்டைத் தவறவிடக்கூடாது என்பதில் அந்த வீட்டு அம்மாக்கள் காட்டும் கண்டிப்பு பெரியது. சாயங்காலம் பேரீச்சம்பழம், பிறகு நோன்புக் கஞ்சி. அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், சில வீடுகளில் கொத்துக்கறியும் சேரும். நாளெல்லாம் காய்ந்த வயிற்றுக்கு அதைவிடப் பொருத்தமான உணவைப் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்தாலும் எழுத முடியாது. கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுப்பவர்களுக்கும், நோயாளிகளுக்கும், பயணத்தில் இருப்பவர்களுக்கும் விலக்கு உண்டு. சகாய மாதா கோயிலுக்குப் போகும் என் தோழிகள் திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருசந்தி இருப்பார்கள். அவர்களுக்கும் 18 வயது நிறைந்து 60ஆவது வயது தொடங்கும் வரைதான் அந்தக் கடமை. ஏகாதசியிலும் எட்டு வயதுக்குக் கீழும் எண்பதுக்கு மேலும் உள்ளவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை.

மூன்று மதங்களும் பட்டினி போடச் சொல்லும்போது, யார் போடலாம், எத்தனை நாள், எப்படி முடிப்பது என்பதையும் கூடவே சொல்லி வைத்திருக்கின்றன. இப்போது டயட் என்ற பெயரில் நம் பெண்களும் பிள்ளைகளும் இருக்கும் பட்டினிக்குத்தான் அப்படி எந்த வரம்பும் இல்லை. ஏகாதசி தினமும் வருகிறது. துவாதசி வருவதே இல்லை. பிறகு ஏன் உடம்பில் தெம்பில்லை என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான், டாக்டர் இல்லை. ஆனாலும் தெருவில் யாருக்கு எது என்றாலும் "டீச்சரம்மாவைக் கேட்டுப் பார்" என்பது பழகிப்போய்விட்டது.

அப்படி வந்தவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எடை கூடிவிட்டது. கல்யாண வீட்டில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள். அன்று முதல் விடியற்காலை ஒரு மணி நேர நடை, நாளுக்கு 1200 கலோரி என்று வாட்ஸப்பில் வந்த ஓர் அட்டவணை. முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது, சந்தோஷப்பட்டாள். மூன்றாவது வாரம் படி ஏறும்போது கண் இருட்டியது. துணி மடித்து அடுக்கும்போது கை ஓய்ந்து போனது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தாள். எல்லாம் முடிந்து என்னிடம் வந்தபோது அவள் சொன்ன வார்த்தைதான் என்னை வருத்தியது: "எனக்கு மன உறுதி பத்தல டீச்சரம்மா. மத்தவங்கல்லாம் செய்றாங்க, என்னால முடியல."

"மன உறுதியை விடு கண்ணு. நேத்து காலைலருந்து ராத்திரி வரைக்கும் வாயில போட்டது என்னென்ன, சொல்லு" என்றேன்.

விடிகாலை வெந்நீரில் எலுமிச்சை. நடந்து வந்து ஒரு டம்ளர் சர்க்கரையில்லாத காபி. காலையில் இரண்டு இட்லி. பதினோரு மணிக்குக் கடையில் டீ. மதியம் இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் தக்காளித் தொக்கு. நான்கு மணிக்கு இன்னொரு டீ. இரவு ஒரு கிண்ணம் பப்பாளி. அவ்வளவுதான்.

நான் அதை ஒரு தாளில் எழுதி அவள் கண்முன் வைத்தேன். பருப்பு எங்கே இருக்கிறது, காட்டு என்றேன். காலை இட்லியில் இருந்த உளுந்தைத் தவிர வேறு இல்லை. கீரை இல்லை. தயிரோ மோரோ இல்லை. முட்டை சாப்பிடுகிற வீடுதான், ஆனால் முட்டை பிள்ளைகளுக்கு மட்டும்.

இதில் நம் ஊர்ச் சாப்பாட்டுக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. டயட் என்றதும் முதலில் சோற்றை நிறுத்துகிறார்கள். நம் சாப்பாட்டில் சோறு தனியாக வருவதில்லை. சாம்பார், கூட்டு, பொரியல், கீரை மசியல், ரசம், மோர் எல்லாமே சோற்றோடு பிசைந்தோ தொட்டோதான் உள்ளே போகின்றன. சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறியதும் இவை அத்தனையும் சேர்ந்து நின்றுவிடுகின்றன. வடக்கே சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள் கூடவே ஒரு கிண்ணம் பருப்பும் தயிரும் வைத்துக்கொள்கிறார்கள். நாம் சப்பாத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, தொட்டுக்கொள்ள ஒரு ஸ்பூன் தொக்கோடு முடித்துக்கொள்கிறோம். 1920களில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியோடு பால், பருப்பு, காய்கறி சேர்ந்த சீக்கியர் சாப்பாட்டை உண்டவை கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும் பங்காக இருந்த சென்னை மாகாணச் சாப்பாட்டை உண்டவை பின்தங்கின. அவர் குன்னூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. நூறு வருஷத்துக்கு முன்னால் அவர் கண்ட குறை அரிசியில் மட்டும் இருக்கவில்லை, அரிசியைச் சுற்றி இருக்க வேண்டியவை குறைவாக இருந்ததிலும் இருந்தது. இன்றைய டயட்காரர்கள் அரிசியையும் எடுத்துவிட்டு, சுற்றி இருந்ததையும் எடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் பெண்ணின் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தோம். ஒரு மணி நேரம் நடந்தால் அவள் எடைக்கு ஏறக்குறைய 200 கலோரி செலவாகும். அதற்குப் பிறகு கடையில் நின்றபடியே வேலை. ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரக்கூட முடியாமல் நின்று காலில் நரம்பு சுருண்டுபோன கதை திருச்சியில் எத்தனையோ வீடுகளில் உண்டு. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமே வந்தது. சட்டம் வந்தாலும் கூட்டம் இருக்கும்போது உட்கார மனம் வருமா? ஆக, நாள் முழுக்க அவள் உடம்பு கேட்பது 2000 கலோரி அளவில் இருக்கும். கொடுப்பது அந்த அட்டவணையில் சொன்ன 1200கூட இல்லை. வாரத்துக்கு அரைக் கிலோ குறைய வேண்டுமானால் நாளுக்கு 500 கலோரி குறைத்தால் போதும். அதைப்போல இரண்டு பங்கு குறைத்துவிட்டு, உறுதி பத்தவில்லை என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உறுதியால் இந்தப் பற்றாக்குறையை வெல்ல முடியாது என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் காலத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் ஒரு சோதனை தொடங்கினார். மனசாட்சிக்கு விரோதம் என்று போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள், பட்டினியால் வாடும் மக்களுக்கு உதவும் என்று தாங்களாகவே முன்வந்தார்கள். நல்ல உடல்நலம் உள்ளவர்கள். கொள்கைக்காகச் சமூகத்தின் ஏச்சைத் தாங்கியவர்கள், அவர்களுடைய உறுதியைப் பற்றி யாரும் சந்தேகப்பட முடியாது. 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 1570 கலோரி அளவில் சாப்பாடு: உருளைக்கிழங்கு, ரொட்டி, முட்டைக்கோஸ் இப்படி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதாவது டயட், உடற்பயிற்சி இரண்டும்.

எடை கால் பங்கு குறைந்தது. கூடவே படி ஏற முடியாமல் போனது. கோடைக்காலத்தில் குளிர்கிறது என்றார்கள். நாடித்துடிப்பு மெதுவானது. சிரிப்பு போனது, சண்டை வந்தது, எதிலும் பிடிப்பில்லாமல் போனது. எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேச்சு. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம்போல உட்கார்ந்து படித்தார்கள். சாப்பாடு போதாதபோது உடம்பு தன் செலவைத் தானே சுருக்கிக்கொள்கிறது. வரவு குறைந்த குடித்தனத்தில் ராத்திரி ஒரு விளக்கை மட்டும் எரியவிடுகிற மாதிரி, உயிருக்குத் தேவையானதை மட்டும் நடத்தி மற்றதை அணைத்துவிடுகிறது. களைப்பு என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த இளைஞர்கள் ஒல்லியான உடம்புக்காரர்கள், நம் வீட்டுப் பெண்ணின் உடம்பில் சேமிப்பு கொஞ்சம் இருக்கிறது; இரண்டும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்களை ஒடுக்கிய 1570ஐவிடக் குறைவான ஓர் எண்ணை, முன்பின் பாராத ஒருவர், யார் என்ன வேலை செய்கிறார் என்று கேட்காமல் ஆயிரம் பேருக்கு அனுப்புகிறாரே, அது எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்த மாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை முதலில் கரையும். ஒரு கிராம் கரைந்தால் அதோடு கட்டுண்ட மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் வெளியேறும். உப்பும் போகும். எடைபோடும் இயந்திரத்தில் தெரிகிற குறைவில் பெரும்பங்கு அந்தத் தண்ணீர்தான். தலைவலி, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு எல்லாம் அதனால்தான். சித்திரை வெயிலில் நம் ஊரில் வியர்வையாகப் போவது வேறு. டயட்டில் இருப்பவர்களுக்கு உப்பிட்ட நீர்மோர் பெரிய மருந்து. நடந்து வந்ததும் காபிக்குப் பதிலாக ஒரு சொம்பு மோரோ, பழைய சோற்று நீராகாரமோ குடித்துப் பாருங்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அண்ணன்மார் முதுகில் சாக்கோடு படியேறி இறங்கி, ஓரமாக உட்கார்ந்து நீராகாரத்தைச் சின்ன வெங்காயத்தோடு குடித்துவிட்டு அடுத்த லாரிக்கு எழுந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் உப்பு விஷயத்தில் டாக்டர் சொன்னபடி நடக்க வேண்டும்.

அந்தப் பெண்ணை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் பத்துக்கும் கீழே இருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். குண்டாக இருக்கிறவளுக்கு ரத்தசோகையா என்று அவள் மாமியார் ஆச்சரியப்பட்டார். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் நூற்றுக்கு 40 பெண்களுக்கு எடை அதிகம். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே உடம்பிலும் இருக்கலாம் என்பதற்கு இவளே சாட்சி. ரத்தத்தில் இரும்பு குறைந்தால் தசைக்குப் போகும் பிராணவாயு குறையும். அப்படிப்பட்டவளை "இன்னும் வேகமா நட" என்று விரட்டுவது கொடுமை.

பன்னிரண்டு என்கிற எண்ணை ஒவ்வொரு பெண்ணும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம், இரும்புச்சத்து மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். மாத்திரை போட்டதும் டீ குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கிட்டே போகக்கூடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். துவாதசி இலையில் கீரைக்கு அருகில் நெல்லிக்காயை வைத்தவர் இதை அறிந்துதான் வைத்தாரா என்று தெரியாது. வைத்த இடம் சரியான இடம்.

ரத்தசோகையோடு நிற்கக்கூடாது. தைராய்டு மந்தமாக இருந்தால் எடையும் கூடும், களைப்பும் கூடும்; அதற்கு எந்த டயட்டும் பதில் இல்லை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், கை கால் எரிச்சலும் அசதியும் வரும். இதைவிட அவசரமானது ஒன்று: இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்த்துக் கை நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். இவர்கள் சட்டைப்பையில் நாலு மிட்டாய் இல்லாமல் நடைக்குப் போவதை நான் அனுமதிக்கமாட்டேன்.

இனி அவளுக்கு நான் மாற்றிக் கொடுத்தது. சோற்றை நிறுத்தாதே, அளவைப் பாதியாக்கு. சாம்பாரையும் கூட்டையும் இரட்டிப்பாக்கு. 60 கிலோ எடைக்கு நாளுக்கு 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் எட்டு, பத்து கிராம். காலையில் இரண்டு இட்லியோடு ஒரு முட்டை, பதினோரு மணி டீக்குப் பதிலாகக் கடைக்கு எடுத்துப்போக ஒரு டப்பா சுண்டல், மதியம் பருப்போடு கீரை, இரவு இரண்டு தோசையும் மோரும். நடப்பதற்கு அரை மணி முன்னால் ஒரு பூவன் பழம். திருச்சிக்காரர்களுக்கு வாழைப்பழத்தைப் பற்றி வேறு யாரும் சொல்ல வேண்டுமா? தேசிய வாழை ஆராய்ச்சி மையமே நம் ஊரில் இருக்கிறது. அப்படியிருந்தும் வாழைப்பழம் குண்டாக்கும் என்று பயப்படுகிறார்கள்.

ரத்தம் ஏறும் வரை நடையையும் பாதியாக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் அரை மணி ஆனது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். தெம்பு வந்த பிறகு வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது போன்றவற்றைச் சேர்த்தோம். சாப்பாட்டைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். புரதமும் இந்த மாதிரிப் பயிற்சியும் இருந்தால்தான் தசை தங்கும். தசை போனால் மறுபடி எடை ஏறுவது சுலபம். மலைக்கோட்டைப் படி ஏறுகிறேன் என்று ஆரம்பத்திலேயே போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். நானூறு சொச்சம் படி அது. தாயுமானவர் சன்னிதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, மீதியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வதில் உச்சிப் பிள்ளையாருக்கு ஒரு வருத்தமும் இருக்காது. 2023இல் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் எல்லா மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்தார்கள். நல்ல திட்டம். எட்டையும் முதல் நாளே நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவள் வீட்டாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ராத்திரி பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவி முடிக்கிறாள், நாலரைக்கு எழுந்து நடக்கப் போகிறாள். ஐந்து மணி நேரம்தான் தூக்கம். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இனிப்பைத் தேடும். இதில் உறுதி எங்கிருந்து வரும்? அவள் புருஷன் நல்ல பிள்ளை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரிப் பாத்திரம் இனிமே என் வேலைங்க டீச்சர்" என்றார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு முட்டை கூடுதலாக வெந்தது. டயட் அட்டவணை எழுதுகிறவர்கள் யாரும் பாத்திரம் கழுவுவது யார் என்று கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதல் கேள்வியாக வைக்க வேண்டும். எல்லாருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியதைக் கடைசியில் சாப்பிடுகிற பெண்ணுக்குக் குறைப்பதற்கு என்ன இருக்கிறது?

நாலைந்து மாதத்தில் ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தொட்டது. எடை முன்போல வேகமாகக் குறையவில்லை, மாதத்துக்கு ஒரு கிலோ, சில மாதம் அதுவும் இல்லை. ஆனால் சேலைக் கட்டைத் தூக்கும்போது கை ஓய்வதில்லை என்கிறாள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் படிக்கிறாள்.

கடைசியாக ஒன்று. நான் இதுவரை சொன்னது சாப்பாட்டிலும் தூக்கத்திலும் ரத்தத்திலும் சரியாகிற களைப்பைப் பற்றி. நடக்கும்போது நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, படுத்தால் மூச்சு முட்டல், கால் வீக்கம், மயக்கம் போட்டு விழுதல் இவற்றில் எது வந்தாலும் மோரும் வாழைப்பழமும் தேடக்கூடாது. குளித்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கடைக்கு லீவு சொல்லிவிட்டு என்று நேரம் கடத்தவும் கூடாது. என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள், அல்லது ஆட்டோ பிடித்து நேரே புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.